ஐந்தரை மணிக்கு ஓலை

முந்நூற்றெண்பது படி, இது வெறும் ஆரம்பம்தான், மொத்தமாகப் பார்த்தால் எண்ணூறு வரும் என்று உப்புச் சுரங்கத்தின் வழிகாட்டி மாக்தா சொன்னதும் கூட்டம் சிரித்தது. ஜெனோவா சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது, நூற்றாண்டுக் கணக்காக இதில் ஏறி இறங்கினவன் எவனாவது சிரித்திருப்பானா, டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்களுக்குத்தான் இது வேடிக்கை. ஏழு மரப்படி, ஒரு திருப்பம், ஏழு மரப்படி, ஒரு திருப்பம். முன்னால் கோகிலவாணியின் மஞ்சள் கம்பளித்தொப்பி திருப்பத்துக்குத் திருப்பம் காணாமல் போய்த் திரும்பத் தெரிந்தது. கோகிலா ஈரோட்டுக்காரி, விடுதியில் பக்கத்து அறை, போலந்துக்கு வந்த இந்த ஒரு வருசத்தில் தமிழில் சண்டை போட ஜெனோவாவுக்குக் கிடைத்த ஒரே ஆள். "ஏம்புள்ள, எண்ணூறு படி எறங்கிப் பாக்கறதுக்கு உப்பா? எங்க மளிகைக்கடையில நின்ன எடத்துலயே பாக்கலாமே" என்றாள் கோகிலா திரும்பாமலேயே. ஜெனோவா "ம்" என்றாள். கைப்பேசியில் மூன்றாவது திருப்பத்தில் இரண்டு கோடு இருந்தது, ஐந்தாவது திருப்பத்தில் ஒன்று, இப்போது ஒன்றுமில்லை, ஒரு சின்ன பெருக்கல் குறி. மணி பதினொன்று ஐந்து. மூன்றரையைக் கூட்டினால் ஊரில் இரண்டு முப்பத்தைந்து. ஐந்தரைக்கு ஓலை. ஓலை என்றால் பனையோலை இல்லை, பங்குச் சாமியாரின் தடித்த நோட்டு. பெண் பேர், மாப்பிள்ளை பேர், இரண்டு அப்பன்மார் பேர் அதில் ஏறும், அடுத்து வருகிற மூன்று ஞாயிறும் பூசையில் வாசிப்பார்கள், அதற்கப்புறம் தாலி. எழுதுவதற்கு முன்னால் சாமி பெண்ணை மட்டும் உள்ளே கூப்பிட்டு, சம்மதமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். இன்றைக்கு அந்தக் கேள்வி ரோஸ்லினுக்கு. பதினெட்டு முடிந்து இரண்டு மாதம்தான் ஆன, கல்லூரியில் முதல் வருசம் வேதியியல் படிக்கிற, அவள் தங்கச்சி ரோஸ்லினுக்கு. டிக்கெட் வரிசையில் நிற்கும்போது வந்த குரல் செய்தி பதினெட்டு வினாடி. "யக்கா, சாமிகிட்ட பேசிட்டியா? நா சொன்னா அழுதுருவேன்க்கா. அழுதா வெக்கப்படுதான்னு நெனச்சிட்டு எழுதிருவாரு. நீ சொல்லு. நீ பேசுனா யாரும் பதில் பேச முடியாதுல்லா." அவள் பதிலுக்கு "பேசுதேன்டி" என்று எழுதினாள். எழுதிவிட்டுப் படி இறங்கினாள். ரெண்டு மணி நேரத்துல மேல வந்துருவோம், வந்ததும் பேசிரலாம், அப்பவும் முக்கால் மணி நேரம் மிச்சம் இருக்கும், ஏழு படி, ஒரு திருப்பம், முக்கால் மணி நேரம் ஒரு சாமியாரிடம் பேசுவதற்கு ரொம்ப அதிகம்.

கீழே வந்ததும் முதல் ஏமாற்றம், உப்பு வெள்ளையாக இல்லை. சாம்பல் நிறம், அங்கங்கே பச்சை ஓடிய சாம்பல், ஊரில் புதுவீட்டு வாசலுக்குப் போடுகிற கருங்கல்லைக் கழுவாமல் விட்ட மாதிரி. கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னால் இங்கே ஒரு கடல் இருந்தது, அது காய்ந்து மண்ணுக்குள் போய்விட்டது என்று மாக்தா மனப்பாடமாகச் சொன்னாள். ஐம்பது வயதிருக்கும், நீலச் சீருடை, பித்தளைப் பொத்தான், எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும் என்று தெரிந்து அங்கே நிறுத்திச் சொல்கிற குரல். சுவரை நக்கிப் பாருங்கள், எல்லோரும் நக்குவார்கள், உப்பு கிருமியைக் கொன்றுவிடும், பயம் வேண்டாம். எல்லோரும் நக்கினார்கள். சுவிட்சர்லாந்துக் கிழவரும் கிழவியும் ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டே நக்கினார்கள். கோகிலா விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "உப்புத்தான், ஏமாத்தல" என்று சான்றிதழ் கொடுத்தாள். "நீயும் தொட்டுப் பாரு புள்ள, உங்கூரு உப்பாட்டம் இல்ல, மண்ணு வாசம் அடிக்குது." ஜெனோவா கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். வெயிலே காணாத உப்பு. அவள் அறிந்த உப்பு வெயிலின் பிள்ளை. தூத்துக்குடிக்குத் தெற்கே பாத்தி பாத்தியாகக் கடல்தண்ணீரைக் கட்டி, சித்திரை வெயிலில் காயவிட்டு, பலகையால் வாரி வரப்பில் குவித்தால், பதினோரு மணிக்கு அந்த வெள்ளையைக் கண் கொண்டு பார்க்க முடியாது. பார்த்துத்தான் ஆக வேண்டும், பார்க்காமல் எப்படி வாருவது. அம்மா இருபத்திரண்டு வருசம் பார்த்தாள். இப்போது அம்மாவுக்குக் கண் நடுவில் ஒரு புகைவட்டம், சுற்றிலும் மட்டும் பார்வை, மகளுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மகளுடைய காதைப் பார்க்கிறாள். இந்த இருட்டில் வேலை செய்தவர்களுக்குக் கண் பிழைத்திருக்கும், அம்மாவைக் கொண்டுவந்து இங்கே விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அவளுக்கே கோபமும் வந்தது, சே, என்ன யோசனை இது, ஒரு அடிமைத்தனத்துக்கு இன்னொரு அடிமைத்தனம் தேவலை என்று கணக்குப் பார்க்கிற யோசனை. அம்மா இப்போது வெயிலில் இல்லை. பாக்கெட் போடுகிற ஷெட்டில், நிழலில், மின்விசிறிக்குக் கீழே இருக்கிறாள். அந்த ஷெட்டில் உட்கார வைத்தது மிக்கேல் கங்காணி. உப்பளத்தில் யாரை எங்கே நிறுத்துவது என்பது கங்காணியின் வாயில் இருக்கிறது. மாப்பிள்ளை வினிஸ்டன் கங்காணியின் மகன். இதற்கு மேல் இந்த நினைப்பு போகாது. ஒவ்வொரு தடவையும் இங்கே வந்து ஷெட்டின் தகரக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்த அறையில் ஒரு ராஜா, உப்பில் செதுக்கிய ராஜா, கையில் உப்பு. அதற்கடுத்து ஒரு விஞ்ஞானி. அதற்கடுத்து ஒரு இளவரசி மோதிரத்தைக் கிணற்றில் போட்ட கதை. ஜெனோவா கையைத் தூக்கினாள், தூக்கவேண்டும் என்று நினைப்பதற்கு முன்னாலேயே கை தூக்கிக்கொண்டது, சின்ன வயசிலிருந்தே அப்படி. "இங்கே வேலை செய்தவர்கள் பேர் எங்காவது எழுதியிருக்கிறதா?" மாக்தா புன்னகைத்தாள். இந்தச் சிலைகளைச் செதுக்கியவர்களே தொழிலாளர்கள்தான் அம்மா, ஓய்வு நேரத்தில். "ஓய்வு நேரத்தில்கூட அவர்கள் ராஜாவைத்தான் செதுக்க வேண்டியிருந்ததா?" கூட்டத்தில் யாரோ செருமினார்கள். கோகிலா அவள் முழங்கையைக் கிள்ளினாள், "அந்தம்மா பொழப்புல மண்ணள்ளிப் போடாத புள்ள." மாக்தா கோபப்படாமல், வாருங்கள், குதிரைகளைப் பார்க்கலாம் என்று கூட்டிப்போனாள். குதிரை. சுற்றிச் சுற்றி வந்து உப்புக்கட்டியை மேலே இழுக்கிற மரச்சக்கரம், அதில் பூட்டிய பொம்மைக் குதிரை. உயிருள்ள குதிரைகளைத் தோல்வாரினால் கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டு இறக்குவார்கள், சில குதிரைகள் அப்புறம் மேலே போனதே இல்லை, ஆனால் கவலைப்படாதீர்கள், கீழே ஒரே சீரான வெப்பநிலை, மழையில்லை பனியில்லை, தீனி உண்டு, குதிரைகள் இங்கே மிகவும் சந்தோஷமாக இருந்தன. சிரிப்பு. "குதிரை சொல்லிச்சா?" என்றாள் ஜெனோவா தமிழில், கோகிலாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கோகிலா சிரிப்பை அடக்கத் தொப்பியை வாயில் வைத்துக்கொண்டாள். வினிஸ்டன் நல்ல பையன் என்றார்கள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், அம்மாவும் சொன்னாள், குடிக்க மாட்டானாம், கை நீட்ட மாட்டானாம், சொந்தமா ரெண்டு லாரி, வீட்டில் குளிர்சாதனம். படிப்பு? படிப்பு எதுக்கு, அதான் எல்லாம் இருக்கே. ரோஸ்லின் சந்தோஷமாகத்தான் இருப்பாள் என்றார்கள், ரோஸ்லினைக் கேட்காமலே. கேட்டாலும் ரோஸ்லின் என்ன சொல்லிவிடுவாள். சோறு போடட்டுமா என்றாலும் ம், போதுமா என்றாலும் ம். அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டே பதினெட்டு வருசம் ஓட்டியவள், முதல்முதலாக, முந்தாநாள், வேண்டாம் என்று ஒரு முழுச் சொல்லைச் சொன்னாள். அதையும் அக்காவிடம் மட்டும், குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு.

முந்தாநாள் குழாய்ச் சத்தத்துக்குப் பின்னால் கேட்ட அழுகைக்கு, கவலப்படாத, நா பாத்துக்கிடுதேன் என்று சொன்னவள் உடனே அப்பாவைக் கூப்பிட்டாள். எத்தனை வாதம் வைத்திருந்தாள், சட்டம், படிப்பு, வயது, மனசாட்சி, ஒன்று போனால் இன்னொன்று, வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். அப்பா தொம்மை எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் பேசவே இல்லை. முடித்ததும் இருமினார், அப்புறம் சண்டை போடுகிற குரலே இல்லாமல், தண்ணீர் கேட்கிற மாதிரி, "எம்மா, நீ சொன்ன வார்த்தைதான? நா எங்க சொன்னேன்?" என்றார். அவ்வளவுதான். வாயைத் திறந்தாள், காற்று வந்தது. லைன் இருக்கா, லைன் இருக்கா என்று அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இப்போது இந்தச் சுரங்கத்தில், மரத்தூண்களுக்கு நடுவில், உப்புக்காற்று தொண்டையில் இறங்குகிறபோது அதே வறட்சி. தூண்களெல்லாம் வெள்ளையடித்திருந்தன, வெளிச்சத்துக்காக என்றாள் மாக்தா. மரம் உப்பில் ஊறி ஊறி இரும்பு மாதிரி ஆகிவிடும், லேசில் நொறுங்காது, நொறுங்கப் போகிற நேரத்தில் கிறீச்சென்று சத்தம் கொடுக்கும், அதைக் கேட்டு ஆட்கள் ஓடிவிடுவார்கள். இப்போது கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது. வந்த வழி மூடிவிட்டது, ஒவ்வொரு அறையையும் தாண்டியதும் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டே வந்தார்கள், காற்றோட்டத்துக்காகவாம், இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாதாம். மேலே நூறு மீட்டர் மண். அதற்கு மேலே ஒரு கார் நிறுத்துமிடம், அதற்கு மேலே ஒரு வானம், அந்த வானத்தில் ஊருக்குப் போகிற சமிக்ஞைகள் எல்லாம் தாராளமாக ஓடிக்கொண்டிருக்கும். இவள் மட்டும் இங்கே. நானா வந்தேன், கட்டாயம் என்றார்கள், வந்தேன். ரோஸ்லினிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள், இன்னைக்கு யுனிவர்சிட்டில கட்டாயமா ஒரு எடத்துக்குப் போகணும், போயிட்டு வந்து பேசுதேன். கட்டாயம். வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அனுப்பிய மின்னஞ்சல் கண்முன்னால் வந்தது, மேலே ஒரு சிவப்பு இலை படம், இலையுதிர்காலச் சுற்றுலா, அன்பான மாணவர்களே. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், விருப்பமுள்ளவர்கள் மட்டும் பெயர் தரவும். மூன்று வாரமாகப் பெயர் தராமல் இருந்தாள். முந்தாநாள் அப்பாவிடம் பேசி முடித்த பிறகுதான் தந்தாள்.

இல்லை, அப்படிப் பார்க்கக் கூடாது, தலை வலித்தது, ஏதாவது மாற்றமாக இருக்கட்டும் என்று பெயர் கொடுத்தாள், அவ்வளவுதான். மணி பன்னிரண்டு பதினைந்து. ஊரில் மூன்றே முக்கால். இப்போது ரோஸ்லினுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார்கள். இங்கே மாக்தா ஒரு உப்புச்சிலைக்கு விளக்கடித்தாள், வயிற்றால் தவழ்கிற மனிதன், கையில் நீளக் கம்பு, கம்பின் நுனியில் தீ. சுரங்கத்தில் வாயு சேரும், அது கூரையோடு ஒட்டி நிற்கும், தெரியாமல் விளக்கோடு போனால் வெடிக்கும். அதனால் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் இவர்கள் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு தரையோடு தரையாகத் தவழ்ந்துபோய்த் தீயை மேலே நீட்டுவார்கள், வாயு எரிந்துவிடும், அதன்பிறகு எல்லோரும் பாதுகாப்பாக வேலை செய்யலாம். "யார் இவர்களைத் தேர்ந்தெடுத்தது?" இந்தத் தடவை ஜெனோவாவின் குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. தன்னார்வலர்கள் என்றாள் மாக்தா. "தன்னார்வலர் என்றால்? மாட்டேன் என்று சொல்ல முடிந்தவர்களா, சொல்ல முடியாதவர்களா?" மாக்தா முதல்முறையாகக் கொஞ்சம் யோசித்தாள். அது எனக்குத் தெரியவில்லை அம்மா, நல்ல கேள்வி என்றாள். நல்ல கேள்வி. அவளுடைய கேள்விகள் எல்லாமே நல்ல கேள்விகள், பள்ளிக்கூடத்திலிருந்து இதுதான், பங்குச் சாமியாரே ஒருதடவை சொன்னார், பூசையில் பெண்பிள்ளைகள் ஏன் வாசகம் வாசிக்கக்கூடாது என்று அவரோடு மூன்று ஞாயிறு மல்லுக்கு நின்று, கடைசியில் அவர் சிரித்து, வக்கீலம்மா, நீயே வாசி என்று பைபிளைக் கையில் கொடுத்தார். போலந்துக்கு விண்ணப்பம் போட்டபோது நற்சான்றுக் கடிதமும் அவர்தான் எழுதினார், உண்மைக்குப் பயப்படாத பெண் என்று. அவர் கேட்பார். அவள் சொன்னால் கண்டிப்பாகக் கேட்பார், நோட்டை மூடிவிடுவார். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்பார். தொம்மை எதுக்கும்மா அவ்வளவு அவசரமா வார்த்தை கொடுத்தாரு, அவரு அப்பிடிப்பட்ட ஆளில்லையே என்று கேட்பார்.

மூன்று வருசத்துக்கு முன்னால் ஊரில் அவர்கள் வீட்டு முற்றத்தில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. மிக்கேல் கங்காணி, அவர் பெஞ்சாதி, அவர் மச்சான்மார், மூலையில் வினிஸ்டன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு. பெண் பார்க்க வந்திருந்தார்கள். பார்க்க வந்தது ஜெனோவாவை. அவளுக்கு அப்போது கல்லூரியில் கடைசி வருசம், மேடைப் பேச்சில் மாவட்டத்துக்கே முதல் பரிசு வாங்கின புதுசு, சேலை கட்டி நிற்கச் சொன்னதிலேயே கொதித்துப் போயிருந்தாள். கங்காணி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, அப்பாவிடம், "பிள்ள வேலைவெட்டி செய்யுமா தொம்மை?" என்றார். அவ்வளவுதான் பொறி. பேசினாள். எப்படிப் பேசினாள். மாடு பிடிக்க வந்தீங்களா, பல்லைக் காட்டட்டுமா, சுழி பாக்கணுமா என்று ஆரம்பித்தாள். அம்மா சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள், அப்பா தரையைப் பார்த்தார், நாற்காலிகள் மௌனமாயின, அந்த மௌனம் அவளுக்குக் கைதட்டல் மாதிரி கேட்டது. உச்சியில் கொண்டுபோய் முடிக்க ஒரு வாக்கியம் வேண்டும், பேச்சுக்கு அதுதான் அழகு, கடைசி அடி. அடித்தாள். "ஒங்களுக்குப் பொண்ணுதான வேணும், ஆரா இருந்தா என்ன? உள்ள இன்னொண்ணு நிக்கி. மூணு வருசம் பொறுங்க, பழுத்துரும், வந்து பறிச்சிட்டுப் போங்க!" அவமானத்தில் அவர்கள் எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தாள். கங்காணி எழுந்திருக்கவில்லை. சிரித்தார். தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன தொம்மை, மூத்தவ வாயாலயே வந்துட்டு. வீட்டுல ஆம்பளப் பிள்ள இல்ல, மூத்தவ சொல்லு சொல்லுதான? மூணு வருசம் பொறுத்துக்கிடுதோம். என்ன சொல்லுத?" அப்பா நிமிர்ந்தார். பத்துப் பேர் முன்னால் மகள் போட்டு உடைத்த மானத்தை ஒருவர் குனிந்து பொறுக்கிக் கையில் தருகிறார், வாங்காமல் என்ன செய்வார், தலையை ஆட்டினார். கங்காணி பெஞ்சாதி உள்ளே போனாள். ஜெனோவாவுக்கென்று கொண்டுவந்த மல்லிகைச் சரத்தை ரோஸ்லின் தலையில் வைத்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூடப் பாவாடையோடு, என்ன நடக்கிறதென்று தெரியாமல், பூ கிடைத்ததற்குச் சிரித்தது. ஜெனோவா பார்த்தாள். இல்லை என்று கத்தவில்லை. நான் கேலியாகச் சொன்னேன் என்று சொல்லவில்லை. அந்த நிமிசம் அவளுக்குள் என்ன ஓடியது என்று அவளுக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. அப்பாடா என்று ஓடியது. அடுத்த வாரம் அம்மா ஷெட்டுக்கு மாறினாள். அடுத்த வருசம் ஜெனோவா ஒரு வருச மேற்படிப்புக்குப் போனாள், அப்பா ஒரு வார்த்தை மறுக்கவில்லை, கங்காணியும் ஒன்றும் சொல்லவில்லை, அதன்பிறகு போலந்து. எல்லாக் கதவும் அவளுக்காக ஒவ்வொன்றாகத் திறந்தன.

இதைச் சொல்ல வேண்டும். சாமி, ஒரு வாதத்தில் ஜெயிக்கிறதுக்காக எந் தங்கச்சிய எடுத்துக் கொடுத்துட்டேன். இல்லை, அப்படிச் சொன்னால் ரொம்ப நாடகம். சாமி, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. பேச்சுக்குச் சொன்னதா, அப்ப ஏம்மா மூணு வருசம் சொல்லல? சாமி, எனக்குத் தெரியாது, அவங்க நெசமா எடுத்துப்பாங்கன்னு. பூ வச்சாவளே, பாத்தியே? சாமி, ஆணாதிக்கச் சமூகத்தில். வேண்டாம். சாமி, ரோஸ்லினுக்கு விருப்பமில்ல. சரிம்மா, நிறுத்திருதேன், அம்மாவ திரும்பப் பாத்திக்கு எறக்குவான்லா மிக்கேல், அதுக்கு என்ன செய்யப் போற, நீ வருவியா? அங்கே மறுபடி தகரக் கதவு. எந்தப் பக்கம் தொடங்கினாலும் நான்காவது வாக்கியத்தில் அவளைப் பார்த்து ஒரு கேள்வி திரும்புகிறது, எல்லாமே நல்ல கேள்வி. "என்ன புள்ள முணுமுணுங்கறே, செபமா?" என்றாள் கோகிலா. அப்போதுதான் தேவாலயத்துக்குள் நிற்பது தெரிந்தது. பெரிய கூடம், மாநாட்டுப் பந்தல் அளவு, எல்லாம் உப்பு, தரை உப்பு, பீடம் உப்பு, மாதா உப்பு, தலைக்கு மேலே தொங்குகிற சரவிளக்கின் மணிகள்கூட உப்புப் படிகம். கூட்டம் ஆ என்றது. அவளுக்கும் ஆ என்று வந்தது, வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது. மூன்று பேர் எழுபது வருசம் செதுக்கினார்கள் என்றாள் மாக்தா, ஞாயிறுதோறும் பூசை உண்டு, கச்சேரி உண்டு, முக்கியமாகக் கல்யாணங்கள் உண்டு. மேலே மழை பெய்தால் என்ன, இங்கே மணப்பெண்ணின் உடை நனையாது. உங்களில் கல்யாணம் ஆகாதவர்கள் யார் என்று கண்ணடித்தாள். கோகிலா ஜெனோவாவின் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள், "இவுளுக்கு ஒண்ணு புக் பண்ணிருங்க, மாப்பிள்ளைய நாங்க அனுப்பறோம்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கத்தினாள், சுவிஸ் கிழவி கைதட்டினாள், கைதட்டல் உப்புச்சுவரில் மோதித் திரும்பத் திரும்ப வந்தது. "விடுடி" என்றாள் ஜெனோவா. பெரிதாகச் சொல்லிவிட்டாள் போல, கோகிலா கையை விட்டுவிட்டாள். "கோச்சுக்காத புள்ள, சும்மா பேச்சுக்குத்தானே சொன்னேன்." பேச்சுக்குத்தான். ஊரில் நாலரை. ரோஸ்லின் நீலப் பட்டுக் கட்டியிருப்பாள், ஓலைக்கு நீலம்தான் கட்டுவார்கள், மாதா நிறம். உட்கார்ந்திருப்பாள். கைப்பேசி மடியில் கவிழ்த்து வைத்திருக்கும், அதிர்ந்தால் தெரிய வேண்டும் என்று. அக்கா பேசியிருப்பாள், சாமி உள்ளே கூப்பிட்டதும் அவரே சொல்லிவிடுவார், உன் அக்கா எல்லாம் சொன்னாம்மா, நீ போ என்று, அந்த ஒரு நம்பிக்கையில் எழுந்து பங்குச்சாமி அறை வரைக்கும் நடந்து போவாள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சம்மதமா என்பார். அவளுக்கு அழுகை வரும். அவர் புன்னகைத்துப் பேனாவைத் திறப்பார்.

இதை இவ்வளவு துல்லியமாக, முழுக்க நடந்து முடிந்ததைப் போல நினைத்துவிட்டதும் ஜெனோவாவுக்கு ஒரு விசித்திரமான அமைதி வந்தது. உடனே அந்த அமைதியைக் கண்டு பயமும் வந்தது. இன்னும் நடக்கவில்லை, மூளையே, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நடையை எட்டிப் போட்டாள், மாக்தாவையும் தாண்டி முன்னால் போனாள், மாக்தா தோளைத் தொட்டு, அம்மா, குழுவோடு வாருங்கள், இங்கே வழி தப்பினால் கண்டுபிடிக்க நாளாகும் என்றாள். ஒரு ஏரி வந்தது, கரும்பச்சைத் தண்ணீர், இதில் யாரும் மூழ்க முடியாது, உப்பு தூக்கிவிடும். பிறகு பரிசுப்பொருள் கடை, உப்பில் யானை, உப்பில் இதயம். பிறகு நீளமான நடைபாதை. பிறகு லிஃப்ட். மணி ஒன்று பத்து. நினைத்த நேரத்துக்கு ஒரு நிமிசம் பிந்தவில்லை. ஐம்பது நிமிசம் இருக்கிறது, ஒரு நிமிசத்தில் மேலே, கோடுகள் வந்துவிடும், எண் சேமித்திருக்கிறது, இரண்டாவது மணியில் அவர் எடுப்பார், சொல்லு வக்கீலம்மா என்பார். மாக்தா கைகளைச் சேர்த்துக்கொண்டு விடைபெறுகிற குரலில் பேசினாள். நம் சுற்று இங்கே முடிகிறது. மேலே போகிறவர்கள் இப்படி நில்லுங்கள். உங்கள் டிக்கெட்டில் கீழே ஒரு அருங்காட்சியகமும் உண்டு, பழைய கருவிகள், வரைபடங்கள், ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும், விரும்புகிறவர்கள் அந்தப் பக்கம், கால் வலிக்கிறவர்களை நான் தப்பாக நினைக்கமாட்டேன். கூட்டம் சிரித்துக்கொண்டே லிஃப்ட் பக்கம் நகர்ந்தது. அந்தப் பக்கம் போனது மூன்றே பேர், சுவிஸ் கிழவரும் கிழவியும், குறிப்பெடுத்துக்கொண்டே வந்த ஒரு கொரியப் பெண்ணும்.

லிஃப்ட் ஒரு இரும்புக் கூண்டு, ஒன்பது பேரை நிற்க வைத்துக் கதவைத் தள்ளிச் சாத்தவேண்டும். கடைசி நடைக்குக் கோகிலா உள்ளே போய் முழங்கையால் இடம் பிடித்துக்கொண்டு, "வா புள்ள, ஒரு ஆளு எடம் இருக்குது, சட்டுனு ஏறு" என்றாள். ஜெனோவா வாசலில் நின்றாள். கால் ஒன்றை உள்ளே வைத்தால் போதும்.

"நீ போ. நா மியூசியத்தப் பாத்துட்டு வாரேன்."

"கிறுக்குப் புடிச்சிருக்குதா உனக்கு? காலைல இருந்து மணிய மணியப் பாத்தே, மேல போயி யாருக்கோ ஃபோன் பண்ணோணும்னியே?"

"அது ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் ஜெனோவா. தெளிவாக, ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல் வந்தது. பதில் பேச யாருமில்லை. லிஃப்ட்காரர் கதவை இழுத்துச் சாத்தினார், மஞ்சள் தொப்பி கம்பிக்குப் பின்னால் ஒரு கணம் தெரிந்து மேலே போய்விட்டது. கூண்டு திரும்ப இறங்கி வந்தபோது ஏறுவதற்கு யாரும் மிச்சமில்லை. லிஃப்ட்காரர் அந்த ஒன்பது பேர் இடத்தையும் காலியாகத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு, முன்னால் போய்விட்ட மூன்று பேரை எங்கே தவறவிட்டுவிடப் போகிறோமோ என்கிற மாதிரி, அந்தப் பக்கம் வேகவேகமாக நடந்தாள்.